பின்னால் பார்க்க ஓர் ஆள்

பதினாலாம் எண் பேருந்தை ஓட்டும் அந்த அம்மாளுக்குப் பணிமனையில் நல்ல பெயர். பதினேழு வருடத்தில் ஒரு நாள்கூட வண்டியைத் தாமதமாக எடுத்ததில்லை. ஓடிவரும் பயணியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கதவை மூடியதில்லை. ஆண்டு விழாவில் மேலாளர் மைக்கைப் பிடித்து, "முன்வைத்த காலைப் பின்வைக்காத மனுஷி நம்ம ஓட்டுநரம்மா" என்று புகழ்ந்தார். அவர் பேச்சுக்குச் சொன்னார். அது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது அவருக்குத் தெரியாது.

அன்றைக்கே தெரிந்துவிட்டது. விழா முடிந்து எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கும்போது, படம் எடுப்பவர் கேமராவுக்குள் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, "அக்கா, நீங்க மட்டும் ஒரு அடி பின்னாடி" என்றார்.

"பின்னாடி யார் பாக்குறது?" என்றாள் ஓட்டுநரம்மா.

"யாரும் பாக்க வேணாம்க்கா, சும்மா ஒரு அடி."

"ஆள் இல்லாம எடுக்க மாட்டேன்."

கடைசியில் மீதி இருபத்தாறு பேரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள். படம் இன்றும் பணிமனைச் சுவரில் தொங்குகிறது. எல்லார் முகத்திலும் ஒரு மாதிரியான சலிப்பு. அவள் மட்டும் தெளிவாக இருக்கிறாள்.

பணிமனை வாசலில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பலகை உண்டு: பின்னால் ஆள் நிற்காமல் வண்டியைப் பின்னால் எடுக்கக் கூடாது. மற்ற ஓட்டுநர்கள் மேற்பார்வையாளர் இருக்கும்போது அந்தப் பலகைக்குக் கட்டுப்படுவார்கள், அவர் சாப்பிடப் போனால் அதுவும் சாப்பிடப் போய்விடும். ஓட்டுநரம்மாவுக்கு அப்படியில்லை. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் பலகை கூடவே வந்தது. அடுப்படியில் பாத்திரத்தை இறக்கித் திரும்பும்போது, "பின்னாடி வர்றேன்!" கடையில் வரிசையிலிருந்து விலகும்போது, "பின்னாடி வர்றேன்!" குளியலறையிலிருந்து தரையைக் கழுவிக்கொண்டே வெளியே வரும்போதும் அதே குரல். கீழ்வீட்டுக்காரர்கள் குடிவந்த புதிதில், யாரோ யாரையோ துரத்துகிறார்கள் என்று நினைத்து ஏறிவந்து கதவைத் தட்டினார்கள். இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. அது அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசுவதில்லை.

வீட்டுக்காரருக்கு அதே பேருந்து நிறுவனத்தில்தான் வேலை. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களை எடுத்து வைக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. குடை, ஒற்றைக் கையுறை, பல்செட், யாரோ பாதி பின்னிய ஸ்வெட்டர் என்று எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி அலமாரியில் அடுக்குவார். ஒரு வருடம் யாரும் வந்து கேட்காத பொருளை ஊழியர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். அதனால் அந்த வீட்டில் பதினெட்டுக் குடைகள் இருந்தன, ஒன்றுகூட ஒழுங்காக விரியாது.

இவர்களுக்கு ஒரே பெண். எட்டு வயது. பணிமனையில் எல்லாரும் அவளை அரை டிக்கெட் என்பார்கள், வீட்டிலும் அதுவே பழகிவிட்டது. படிப்பில் சூரப்புலி. ஆனால் நிஜப் புலி வேண்டாம், ஓர் அணில் குறுக்கே ஓடினால் போதும், எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போய்விடுவாள். பூங்காவில் வாத்து இருக்கிறது என்று பூங்கா இருக்கும் தெருவையே விட்டுவிட்டாள். ஓணான், புறா, வெட்டுக்கிளி எல்லாம் பட்டியலில் உண்டு. நத்தைகூட உண்டு.

"ஏண்டி, நத்தை மெதுவாத்தானே வரும்?" என்று ஒரு நாள் அப்பா கேட்டார்.

"மெதுவா வந்தாலும் எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்லுதா?" என்றாள் அவள். "பஸ்னா திரும்புறதுக்கு முன்னாடி லைட் போடும். காரும் போடும். இதுங்க எதுவும் இண்டிகேட்டர் போடறதில்லப்பா."

பேருந்து ஓட்டுபவளுக்குப் பிறந்த பிள்ளை வேறு எப்படி யோசிக்கும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அப்பா முணுமுணுத்தார். இண்டிகேட்டர் போடாதவர்களைப் பற்றி ஓட்டுநரம்மாவுக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஊருக்கு வெளியே இருக்கும் மலைக்கு அழைத்துப் போகிறார்கள், ஓர் இரவு மலை விடுதியில் தங்கல். வருகிறேன், வரவில்லை என்று இரண்டு கட்டங்கள். கீழே சிறப்புக் குறிப்பு என்று ஒரு கோடு. திங்கட்கிழமைக்குள் திருப்பித் தரவேண்டும். வராத பிள்ளைகள் அந்த இரண்டு நாளும் முதல் வகுப்பில் உட்கார வேண்டும்.

அரை டிக்கெட்டுக்கு வகுப்பில் இருக்கும் ஒரே தோழி போகிறாள். இவளுக்கும் போக ஆசை. அந்தத் தாளை ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் மடித்து வைத்து, ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை 'வருகிறேன்' கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்துவிட்டு, "மலையில என்னெல்லாம் இருக்கும்?" என்று கேட்டாள். அப்பா வாய் சும்மா இருக்காமல் ஒரு நீண்ட பட்டியல் சொன்னார். பென்சில் உள்ளே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அவள் அழுதுகொண்டே தூங்கியதை ஓட்டுநரம்மா பார்த்தாள். தன் பிள்ளை, முதல் வகுப்பின் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். புது வழித்தடம் கொடுத்தால் முந்தின நாள் காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். எந்த வழித்தடமும் ஒரு முறை ஓட்டிவிட்டால் பழகிவிடும்.

"ஞாயித்துக்கிழமை நாம மூணு பேரும் அந்த மலைக்குப் போறோம்" என்றாள் மறுநாள் காலையில். "சோதனை ஓட்டம். முழுசா ஏறி இறங்கிட்டோம்னா நீ அந்தக் கட்டத்துல டிக் பண்ணு. இல்லன்னா பண்ண வேணாம். அழவும் வேணாம்."

பிள்ளை, "முன்னாடி நான் போக மாட்டேன்" என்றாள். அதாவது, சம்மதம்.

வீட்டுக்காரர் மலையேற்றத்துக்கான சாமான்களைத் தன் அலமாரியிலிருந்து திரட்டினார். ஒரு கண் மட்டும் தெரியும் பைனாகுலர், முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் பெயர் பொறித்த ஊன்றுகோல், மீன் பிடிக்கிறவர்கள் போடும் தொப்பி, பெண்பிள்ளைகள் நடனத்துக்குப் போடும் இளஞ்சிவப்புக் காலுறை இரண்டு ஜோடி. அவருக்குக் கிடைத்த முதுகுப்பை யாரோ ஒரு டிரம் வாசிப்பவருடையது போலிருந்தது. அலமாரியளவு பெரியது, கெட்டியான அட்டை வைத்துத் தைத்தது. அதில் ரொட்டியும் அவித்த முட்டையும் வாழைப்பழமும் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். பின்னாலிருந்து பார்த்தால் பை மட்டும் நடந்துபோவது போலிருந்தது.

ஓட்டுநரம்மா ஒரு கால அட்டவணை எழுதினாள். அடிவாரம் ஒன்பது மணி. முதல் வளைவு ஒன்பது இருபது. பெரிய பாறை பத்து ஐந்து. உச்சி பதினொன்றரை. அங்கே பத்து நிமிடம் நிறுத்தம்.

அடிவாரத்தில் வனத்துறை ஓர் அறிவிப்புப் பலகை வைத்திருந்தது. அம்பு போட்ட பலகை தவிர வேறு எதையும் படிக்கும் பழக்கம் ஓட்டுநரம்மாவுக்கு இல்லை. அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். அரை டிக்கெட் மட்டும் அங்கேயே நின்று ஒரு வரி விடாமல் படித்தாள், இரண்டு முறை. ஒன்பது மணி வண்டி ஒன்பது எட்டுக்குத்தான் கிளம்பியது.

அம்மா முன்னால், அப்பா நடுவில், பிள்ளை கடைசியில். "கடைசியில வர்றவங்களைத்தான் மிருகம் முதல்ல பிடிக்குமாம்" என்று அப்பா சிரித்துக்கொண்டே தொடங்கினார். முன்னாலிருந்து ஒரு பார்வை வந்தது. அவர் பேச்சை வாழைப்பழத்துக்கு மாற்றினார்.

முதல் வளைவுக்கு முன்பே ஒரு கல்லின் மேல் ஓணான். தலையை ஆட்டிக்கொண்டு, போவதா வேண்டாமா என்று தனக்குத்தானே விவாதித்துக்கொண்டிருந்தது. அரை டிக்கெட் அப்பாவின் பைக்குப் பின்னால் பதுங்கி, "அது முதல்ல போகட்டும்" என்றாள். ஓணானுக்கு எந்த அவசரமும் இல்லை. பதினொரு நிமிடம் போயிற்று. அடுத்து ஓர் அணில், ஆறு நிமிடம். அதன் பின் ஒரு கருவண்டு பாதையைக் குறுக்காகக் கடந்தது. வண்டுக்கு ஒரு கால் சரியில்லை போலிருந்தது, அதற்குப் பதினாலு நிமிடம்.

"பாதசாரிக்கு வழி விடணும்னு நீதானம்மா சொல்லுவ" என்றாள் பிள்ளை.

ஓட்டுநரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினேழு வருடத்தில் ஒரு நிமிடம் தாமதமாகாத மனுஷி, இப்போது முப்பத்தொன்பது நிமிடம் பின்தங்கி நின்றாள், அதுவும் ஒரு வண்டுக்காக. அவளுக்குக் காது சூடாகியது.

அந்தச் சூட்டில்தான் அவள் தப்பு செய்தாள். பெரிய பாறைக்கு முன்னால் பாதை இரண்டாகப் பிரிந்தது. அகலமான பாதை சுற்றிக்கொண்டு போயிற்று. இன்னொன்று பாறையின் இடுப்பை ஒட்டிக் குறுக்கே போனது. ஒரு ஆள் போகிற அகலம்தான். இடப்பக்கம் சுவர் போலப் பாறை, வலப்பக்கம் முள்புதர் மண்டிய சரிவு.

"இப்படிப் போனா அரை மணி மிச்சம்" என்றாள்.

"பெரிய வண்டி போற ரோடா இது?" என்றார் வீட்டுக்காரர், தன் பையைத் திரும்பிப் பார்த்து.

"நான் போறேன்ல, பின்னாடியே வாங்க."

நாற்பது அடி போயிருப்பார்கள். பாறை வளைந்தது. ஓட்டுநரம்மாவும் வளைந்தாள். வளைந்தவள் அப்படியே நின்றாள். அப்பா அவள்மேல் மோதிக்கொண்டார், பிள்ளை பையின்மேல் மோதிக்கொண்டாள்.

பத்தடி முன்னால், பாதையின் நடுவில், ஒரு காட்டுப்பன்றி நின்றது. சின்னப் பன்றி இல்லை, ஒரு பீரோவைப் படுக்கப் போட்ட அளவு. அதன் காலடியில் கோடு போட்ட குட்டிகள் ஐந்தோ ஆறோ, மண்ணை முட்டிக்கொண்டிருந்தன.

வழியில் யாராவது நின்றால் ஓட்டுநர் என்ன செய்வார்? ஹாரன் அடிப்பார். ஓட்டுநரம்மா யோசிக்காமல் இரண்டு கையையும் பலமாகத் தட்டினாள்.

பன்றி தலையைத் தூக்கியது. மூக்கால் ஒரு சத்தம் விட்டது. பழைய டீசல் எஞ்சின் குளிர்காலத்தில் புறப்படும் சத்தம் அது. முதுகு மயிர் சிலிர்த்தது.

"ஐயோ, அதைக் கூப்பிடாதடி" என்றார் வீட்டுக்காரர், உதடு அசையாமல்.

"ஓடக் கூடாது" என்று பைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. பரீட்சைக்கு ஒப்பிப்பதைப் போல, நடுங்கிக்கொண்டே. "முதுகைக் காட்டக் கூடாது. சத்தம் போடக் கூடாது. அதையே பாத்துக்கிட்டு மெதுவா பின்னாடி போகணும். கீழ பலகையில போட்டிருந்துச்சு."

வீட்டுக்காரர் ஓர் அங்குலம் பின்னால் நகர்ந்தார். ஓட்டுநரம்மா நகரவில்லை.

நகர நினைத்தாள். மூளை சொன்னது, கால் கேட்கவில்லை. பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கல் இருக்கலாம், சரிவு இருக்கலாம். பின்னால் புருஷன் இருந்தார், பிள்ளை இருந்தாள். அதுதான் அவளை அப்படியே பூட்டிப்போட்டது. முன்னால் பன்றி, பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடம். இரண்டில் எது பெரிய பயம் என்று கேட்டிருந்தால் அவள் தயங்காமல் சொல்லியிருப்பாள்.

"வாம்மா" என்றார் வீட்டுக்காரர்.

"ஆள் இல்லாம எடுக்க மாட்டேன்."

"நான்தான் இருக்கேனே!"

"நீங்களும் பன்னியத்தான பாக்குறீங்க."

அது உண்மை. அந்த நேரத்தில் பன்றியைத் தவிர வேறு எதையும் பார்க்க அவரால் முடியவில்லை. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் ஏன் நகரவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர். தெரிந்து என்ன செய்ய?

இப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று பேரில் கடைசியில் நின்றவள் அரை டிக்கெட். அவளுக்குப் பின்னால் பாதை காலி. அவள் நினைத்தால் விட்டுவிட்டு ஓடலாம். நத்தைக்குத் தெருவை மாற்றிக்கொள்கிற பிள்ளை, ஓடினால் யார் குறை சொல்வார்கள்?

பையில் ஒரு தட்டு விழுந்தது. டப். அதற்கப்புறம் இரண்டு தட்டு. டப் டப்.

ஓட்டுநரம்மாவின் முதுகு நிமிர்ந்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். பதினாலாம் எண்ணின் கடைசி நிறுத்தம் ஒரு முட்டுச்சந்து, வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். அங்கே நேரம் குறித்துக்கொள்ளும் ஊழியர் பின்னால் நின்று வண்டியின் தகட்டில் உள்ளங்கையால் தட்டுவார். இரண்டு தட்டு, வரலாம். ஒரு தட்டு, நில். விடுமுறை நாள்களில் அரை டிக்கெட் அந்த நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு பார்த்த ஒரே வேடிக்கை அதுதான்.

"நான் திரும்பி நின்னுட்டேன்" என்றாள் பிள்ளை. "பின்னாடி எல்லாம் தெரியுது. நான் சொன்னா மட்டும் வாங்க. அப்பா, நீ அம்மாவைத் தட்டு."

வீட்டுக்காரர் பெண்டாட்டியின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

கால் எழுந்தது. ஒரு அடி பின்னால் போனாள்.

டப் டப். இன்னொரு அடி. டப் டப். "வா, வா, வா… லெஃப்ட்ல ஒடி." அப்பா இடப்பக்கம் ஒடித்தார், பாறையில் பை இடித்தது, முட்டை நசுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. டப்! எல்லாரும் நின்றார்கள்.

"அது என் லெஃப்ட், டிரைவர் லெஃப்ட் இல்ல" என்றாள் பிள்ளை, தன்னைத்தானே திருத்திக்கொள்கிறவள் போல. "நான் திரும்பியிருக்கேன்ல, மாத்திச் சொல்லிட்டேன். இப்ப ரைட்ல ஒடிச்சு வா. கொஞ்சம். கொஞ்சம்னா கொஞ்சம்தான், பள்ளம் இருக்கு. நேரா. கல்லு ஒண்ணு இருக்கு, காலைத் தூக்கி வை."

அந்தக் காட்சியைப் பார்க்க வேறு யாரும் இல்லாமல் போனது பெரிய நஷ்டம். மீன்காரத் தொப்பி போட்ட ஒரு ஆணும், அட்டவணையைக் கையில் இறுக்கிப் பிடித்த ஒரு பெண்ணும், ஒரு பன்றிக்குக் கண் இமைக்காமல் மரியாதை செலுத்திக்கொண்டே பின்னால் பின்னால் போனார்கள். அவர்களை இழுத்துப் போவது போல, எதிர்ப்பக்கம் பார்த்தபடி, கையைப் பின்னால் நீட்டி ஒரு பையைத் தட்டிக்கொண்டே போனாள் ஒரு சிறுமி. பன்றி தலையைச் சாய்த்துப் பார்த்தது. அதன் வாழ்நாளில் இப்படி ஒன்றைக் கண்டிருக்காது.

நாற்பது அடி. ஒரு தட்டு. "நிக்கலாம். அகலப் பாதை வந்துடுச்சு."

ஓட்டுநரம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள். சற்று நேரத்தில் சரிவுப் புதருக்குள் சரசரவென்று சத்தம் கேட்டது. முதலில் குட்டிகள், பிறகு பீரோ, எல்லாம் கீழே இறங்கிப் போய்விட்டன. அவர்களைத் துரத்துகிற எண்ணமே பன்றிக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்று பேரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் அரை டிக்கெட்டுக்கு அழுகை வந்தது. அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அப்பா தண்ணீர் கொடுத்தார், பிறகு நசுங்கிய முட்டையை வழித்துக் கொடுத்தார்.

"நீ எப்படிடி பன்னிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்ன?" என்றார்.

"திரும்பி நின்னா பன்னி தெரியல. அது கொஞ்சம் பரவால்லாம இருந்துச்சு" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு அம்மாவைப் பார்த்தாள். "நீ ஏம்மா நின்னுட்ட? பலகையில இருந்ததை நான் சத்தமாத்தான சொன்னேன்."

வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்தார். ஓட்டுநரம்மா சொன்னாள். யாருக்கும் சொல்லாததை, எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொன்னாள்.

"வேலைக்குச் சேர்ந்த மூணாவது வருஷம். நீ பொறக்கல. கடைசி ஸ்டாப்புல பின்னாடி தட்டுறவரு டீ குடிக்கப் போயிருந்தாரு. அவரு வர்ற வரைக்கும் நின்னா நாலு நிமிஷம் லேட்டாயிடும். சரி, நாமளே எடுத்துருவோம்னு எடுத்தேன். நசுக்குனு ஒரு சத்தம். இறங்கிப் பாத்தா ஒரு சைக்கிள். பின்னாடி குழந்தையை உக்கார வைக்கிற சீட் இருக்கும்ல, அது வச்ச சைக்கிள்."

பிள்ளை மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"சீட்டுல யாரும் இல்ல. அவங்கம்மா குழந்தையைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குள்ள போயிருந்தாங்க. வெளிய வந்து பாத்தாங்க. என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டல. குழந்தையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே ரோட்டு ஓரத்துல உக்காந்துட்டாங்க. ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தா எனக்கு இது போயிருக்கும்."

காற்றடித்தது. மரத்திலிருந்து ஏதோ பூச்சி ஒன்று அரை டிக்கெட்டின் கையில் விழுந்தது. அவள் அலறி அதைத் தட்டிவிட்டாள். அதெல்லாம் மாறவில்லை. தட்டிவிட்டு, விட்ட இடத்துக்கே வந்தாள்.

"அப்ப உனக்கும் பயமா?"

"ஆமா."

"பின்பக்கத்துக்கு மட்டுமா?"

"பின்பக்கத்துக்கு மட்டும்தான்."

பிள்ளை கணக்குப் போடுகிற முகத்தோடு யோசித்தாள். "எனக்கு முன்பக்கம்தான் பயம். அப்ப சரியாப் போச்சு. நீ முன்னாடி பாரு, நான் பின்னாடி பாக்குறேன்."

"அப்ப நான்?" என்றார் அப்பா.

"நீ பஸ்."

ஓட்டுநரம்மா சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பால்தான் என்று வீட்டுக்காரர் நம்பியது போல இருந்துவிட்டார். பிறகு அவள் கால அட்டவணையை எடுத்து, 'உச்சி பதினொன்றரை' என்ற வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பதினேழு வருடத்தில் முதல் முறையாகக் கடைசி நிறுத்தம் வரை போகாமல் வண்டியைத் திருப்பினாள்.

இறங்கும்போதும் ஓர் அணில் குறுக்கே வந்தது. நாலு நிமிடம்.

ஆனால் மலையை முழுதாக ஏறவில்லை. ஏறினால்தான் டிக் என்பது பேச்சு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அரை டிக்கெட் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து தாளை எடுத்தாள். மேசையில் விரித்தாள். பெற்றவர்கள் இருவரும் ஆளுக்கொரு வேலை பார்ப்பது போல நடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பென்சில் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நெடுநேரம் நின்றது. பிறகு நேராகக் கீழே இறங்கி, சிறப்புக் குறிப்பு என்ற கோட்டில் எதையோ எழுதியது. எழுதி முடித்த பின்தான் மேலே ஏறி டிக் போட்டது.

கையெழுத்துப் போடும்போது ஓட்டுநரம்மா படித்தாள்: 'முன்னால் போகச் சொன்னால் வர மாட்டேன். வரிசையில் கடைசியாக விட்டால் வருவேன். பின்னால் பார்க்க ஆள் வேண்டும்தானே.'

செவ்வாய்க்கிழமை ஆசிரியையிடமிருந்து பதில் வந்தது. கடைசியில் நடக்க எந்தப் பிள்ளையும் ஒப்புக்கொள்ளாமல் எப்போதும் சண்டை, உங்கள் பெண்ணுக்கு நன்றி என்று எழுதியிருந்தது.

பயணம் போகும் நாள் காலையில் பள்ளி வாசலில் நாய் ஒன்று படுத்திருந்தது. வரிசை முழுவதும் அதைத் தாண்டிப் போய்விட்டது. கடைசியில் அரை டிக்கெட் மட்டும் மிச்சம். அவள் முகம் வெளுத்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற ஓட்டுநரம்மா ஓர் அடி எடுத்துவைக்கப் போனாள், வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை நாயைப் பார்த்தபடியே பக்கவாட்டில், நண்டு போல, சுவரை உரசிக்கொண்டு கடந்தாள். கடந்ததும் முன்னால் நின்ற தோழியின் பையில் இரண்டு தட்டுத் தட்டினாள். தோழி தன் முன்னால் இருந்தவனைத் தட்டினாள். தட்டு வரிசை நெடுகப் போயிற்று. ஆசிரியை திடுக்கிட்டுத் திரும்பினார், பிறகு நடந்தார்.

அன்று மாலை வீடு வெறிச்சென்று இருந்தது. ஓட்டுநரம்மா அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தைத் துணியால் பிடித்து இறக்கினாள். "பின்னாடி வர்றேன்!" என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். மலைக்குப் போய்வந்த பிறகு இதற்கு ஒவ்வொரு தடவையும் பதில் வந்துகொண்டிருந்தது. வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கி ஒரு முறை பார்த்துவிட்டு, "வரலாம், வா" என்று ஒரு குரல் சொல்லும். இன்றைக்குக் குரல் வரவில்லை.

"வரலாம், வா" என்றார் கூடத்திலிருந்து வீட்டுக்காரர், செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே.

"பாக்காம சொல்லாதீங்க!"

பாத்திரத்தின் சூடு துணியைத் தாண்டிக் கைக்கு வந்துவிட்டது. ஓட்டுநரம்மா கழுத்தைத் திருப்பித் தானே பின்னால் பார்த்தாள். தரை இருந்தது. தண்ணீர்க் குடம் ஓரமாக இருந்தது. பிள்ளையின் நாற்காலி மேசைக்கு அடியில் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. சைக்கிள் எதுவும் இல்லை. ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தாள்.